ஏரோட்ராமில் கல்லறைத் திருநாள்

நவம்பர் இரண்டாம் தேதி கிறிஸ்தவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். நாங்கள் ஏரோட்ராமுக்கு, பழைய விமானத் தளத்துக்குப் போவோம். பாலக்கரையில் எங்கள் தெருவே வெள்ளையடித்த கல்லறைகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அம்மா, அப்பா, நான் மூவரும் திண்டுக்கல் ரயிலேறி வையம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து வெகுதூரம் நடந்து, ஆள் அரவமற்ற ஒரு சிமெண்டுத் தரையின் நடுவில் மெழுகுவத்தி ஏற்றுவோம். அது மழைக்காலம். காற்றுக்கு மறைப்பு என்று ஒரு சுவர்கூடக் கிடையாது. ஒரு திரியைப் பற்றவைப்பதற்குள் தீப்பெட்டியில் பாதி காலியாகிவிடும். எங்கே போனாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொந்த ஊருக்கு என்று சொல்வேன். அதில் பொய் இல்லை. எங்கள் சொந்த ஊர் அந்தச் சிமெண்டுக்கு அடியில்தான் இருந்தது.

வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், கடலை தவிர வேறெதுவும் விளையாது. ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு, மேட்டின் மேல் ஓடு வேய்ந்த சின்னக் கோயில், கோயிலுக்குப் பின்னால் கருங்கல் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம். அங்கே நின்று பார்த்தால் மருங்காபுரிப் பக்கத்துக் கரடுகள் வரிசையாகத் தெரியுமாம். தெரியுமாம் என்றுதான் சொல்ல முடியும். ஊரைவிட்டு வந்தபோது எனக்கு விவரம் புரியாத வயது. லாரிகளும் சிவப்புப் புழுதியும் மட்டும் நினைவிருக்கின்றன. மற்றதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. அம்மா சொன்னதில் பாதி அழுகை, பாதி வசவு. இரண்டையும் கழித்து மிஞ்சியதை எழுதுகிறேன்.

சண்டை எங்கள் பக்கம் எட்டிப்பார்ப்பதற்குச் சில மாதங்கள் முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிரசவம் கஷ்டமாகிவிட்டது. அம்மா நினைவு தப்பிக் கிடந்தாள். குழந்தை தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாமியார் வந்து சேர நேரமில்லாதபோது கிறிஸ்தவன் எவனும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வேதத்தில் உள்ள ஏற்பாடு. அப்பா செம்பில் தண்ணீர் எடுத்துக் குழந்தையின் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னார். அம்மா கண் விழித்துக் கேட்டபோது குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தார்கள்.

சாமியார் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். தண்ணீர் ஊற்றியபோது உயிர் இருந்ததா? உயிர் போனபின் ஊற்றினால் ஞானஸ்நானம் செல்லாது. இருந்தது என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். குழந்தை செபம் சொல்லி மந்திரித்த மண்ணில், சுவருக்கு உள்ளே, தாத்தா பாட்டனோடு படுத்திருக்கும். ஆனால் அப்பாவுக்குப் பொய் வராது. சாமியாரிடம் பொய் சொன்னால் அந்தப் பாவம் பிள்ளையின் ஆத்துமாவுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிற ஆள். “இருந்த மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு சாமி” என்று சொல்லியிருக்கிறார். சாமியாரும் அவருக்குத் தெரிந்த சட்டப்படி, சுவருக்கு வெளியே தென்புறத்தில் புதைக்கச் சொன்னார். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளுக்கும், தூக்குப் போட்டுக்கொண்டவர்களுக்கும் அங்கேதான் இடம். சிலுவை வைக்கக்கூடாது, செபம் சொல்லக்கூடாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. அப்பாவின் உண்மையின் மேல் வருகிற கோபமா, சாமியாரின் சட்டத்தின் மேல் வருகிற கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் சர்க்கார் ஆட்கள் சிவப்புக் கொடிகளை நட்டு நிலத்தை அளந்தார்கள். சப்பான்காரன் பர்மா வரைக்கும் வந்துவிட்டான், விமானம் இறங்க சமதரை வேண்டும் என்றார்கள். ஊரைக் காலி செய்ய அதிக நாள் கொடுக்கவில்லை. எதிர்த்துப் பேசத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கோயிலிலிருந்த சுரூபத்தை மாட்டு வண்டியில் ஏற்றி, வைக்கோல் அண்டக்கொடுத்துக் கொண்டுபோனார்கள். சாமியார் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டச் சொல்லி, எலும்புகளைப் புதுத் துணியில் கட்டி, பாட்டுப் பாடிப் பவனியாக எடுத்துப்போய் வேறிடத்தில் மந்திரித்து அடக்கம் பண்ணினார். தோண்டியது சுவருக்கு உள்ளே மட்டும். வெளியில் கிடப்பவர்களுக்கு அடையாளமும் இல்லை, பவனியில் இடமும் இல்லை. என் பிள்ளையையும் எடுங்கள் என்று அம்மா கேட்டதற்கு, தேவன் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது.

அம்மாவையும் என்னையும் பாலக்கரையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பா மட்டும் அங்கேயே தங்கினார். நிலம் போன பிறகு செய்ய வேறென்ன வேலை இருக்கிறது? ஏரோட்ராம் வேலைக்குத்தான் ஆள் எடுத்தார்கள். தன் ஊரை இடித்து அதன் மேல் சிமெண்டு பூசிய வேலையை அந்த ஊர்க்காரர்களே ஆணும் பெண்ணுமாகச் செய்தார்கள். அது முடிந்ததும் அப்பா திருச்சிக்கு வந்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். ஏரோட்ராம் வேலையில் என்ன செய்தார் என்பதை வீட்டில் பேசவே மாட்டார். சொந்த மண்ணில் கூலிக்குப் போன வெட்கம் என்று நினைத்து அம்மாவும் கேட்டதில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போனதும், தகரக் கொட்டகைகளை ஏலத்தில் எடுத்தவர்கள் ஆணி விடாமல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடுதளத்தை மட்டும் யாராலும் தூக்கிப்போக முடியவில்லை. நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். இது மிலிட்டரி சொத்து என்று ஒரு ஆபீசில் சொல்ல, மிலிட்டரியில் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல, அலைந்து அலைந்து கால் ஓய்ந்துவிட்டது. கடைசியில் யாருக்கும் வேண்டாத அந்த இடத்தில் தங்கள் தானியத்தையே கொண்டுவந்து காயப்போட ஆரம்பித்தார்கள். கம்பும் கடலையும் காய்வதற்கு அப்படி ஒரு களம் ஜில்லாவிலேயே கிடையாது.

அம்பதுகளில் நான் பார்த்த ஏரோட்ராம் அதுதான். நீளத்துக்கு நீளம் சாம்பல் நிறம். கட்டம் கட்டமாகப் போட்ட சிமெண்டின் இடுக்குகளில் எருக்கு முளைத்திருக்கும். ஒரு ஓரத்தில் ஆடுகள் படுத்திருக்கும். அம்மா போனதும் இடம் பார்ப்பாள். தெற்கே ஒட்டினாற்போல் நிற்கும் இரண்டு கரடுகள், வடக்கே தப்பிப் பிழைத்த ஒரு புளியமரம். இரண்டையும் கண்ணால் கோடு இழுத்துச் சேர்த்து, கோயில் இருந்தது இங்கே, சுவர் இங்கே, அப்படியானால் பிள்ளை இங்கே என்று ஒரு கட்டத்தில் போய் நிற்பாள். “இங்கதானேங்க?” என்று அப்பாவைக் கேட்பாள். அப்பா குடையைப் பிடித்தபடி தலையாட்டுவார். உடனே அம்மா முழங்காலிட்டு விடுவாள்.

ஒரு வருஷம் அந்தக் கட்டத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மிளகாய்க்குச் சொந்தக்காரப் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவள் விளக்குமாற்றை எடுத்து, நடுவில் ஒரு ஆள் முழங்காலிடுகிற அளவுக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். மிளகாய் நெடியில் மூவரும் தும்மிக்கொண்டே செபமாலை சொன்னோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதற்கடுத்த வருஷங்களில் நாங்கள் போகும்போது அந்த இடம் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும். இந்த உலகத்தில் என் தம்பிக்கென்று ஒருத்தர் இடம் விட்டது அது ஒன்றுதான்.

படித்து முடித்து நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருவேன். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி உத்தர வீதிக்காரி, கோயில் கைங்கரியக் குடும்பம். நவம்பரில் நான் லீவு கேட்பதைப் பார்த்து எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஏரோட்ராம் விமானங்களைத் தனக்கும் தெரியும் என்றாள். சண்டைக் காலத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே தாழப் பறந்து போகுமாம். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களைப் பார்த்துத்தான் பைலட்டுகள் வழி கண்டுபிடிக்கிறார்கள், அதனால் பெருமாள் இருக்கும்வரை குண்டு விழாது என்று பெரியவர்கள் தைரியம் சொல்வார்களாம். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்காத்துலயும் அப்படித்தான். பேர் வைக்கறதுக்கு முன்னாடி போன குழந்தைக்குத் திதி கிடையாது, தர்ப்பணம் கிடையாது. கொள்ளிடத்து மணல்ல புதைச்சுட்டு ஸ்நானம் பண்ணிட்டு வந்துடுவா. அம்மாவுக்கு அங்க ரெண்டு இருக்கு. எந்த இடம்னு யாருக்குத் தெரியும், எத்தனை வெள்ளம் வந்து போயாச்சு.”

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, எங்கள் அம்மாவுக்காவது ஒரு இடம் இருக்கிறதே என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். சீக்கிரமே அதற்கும் சோதனை வந்தது. வடக்கே சீனாக்காரனோடு சண்டை மூண்ட வருஷம் ஏரோட்ராமைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஜீப்பில் யாரோ வந்து ஓடுதளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேலி போட்டுவிடுவார்களோ என்று அம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது. சண்டைக்குக்கூட உதவாத இடம் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது.

சில வருஷங்கள் கழித்து, ரோடு போடுவதற்கு ஜல்லி வேண்டுமென்று அந்த ஓடுதளத்தையே உடைத்தெடுக்க காண்ட்ராக்ட் விட்டார்கள். அதே சமயத்தில் எங்கள் கோயிலுக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். இளவயது. அம்மா பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் தம்பி கதையைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் அதைக் கேட்டு வருத்தப்பட்டு, சந்தேகம் என்று வந்தால் பிள்ளையின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும், எலும்பு கிடைத்தால் கொண்டுவாருங்கள், நானே மந்திரித்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மா தேரில் ஏறியவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான அந்தத் தபசு காலம் எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அம்மா தச்சரிடம் சொல்லித் தேக்கில் ஒரு சின்னப் பெட்டி செய்து வாங்கினாள். உள்ளே வைக்க வெள்ளைத் துணி தைத்தாள், ஓரத்தில் பூ வேலை வேறு. பிள்ளைக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டாள். பெரிய திருநாளுக்குள் அடக்கம் முடிந்துவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. நானும் அவளோடு சேர்ந்து ஆடினேன். அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. லீவு கிடைக்காது என்றார், முழங்கால் வலி என்றார், வெயில் தாழட்டும் என்றார். இவருக்கு அன்றைக்கும் பிள்ளை மேல் ஆசையில்லை, இன்றைக்கும் இல்லை என்று அம்மா என்னிடம் புலம்பினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கடைசியில் நீங்கள் வராவிட்டால் நாங்களே போகிறோம் என்று அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

பங்குனி வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஓடுதளத்தின் மேற்குப் பாதியை அதற்குள் உடைத்து முடித்திருந்தார்கள். ஆண்கள் சம்மட்டியால் பாளம் பாளமாகப் பெயர்க்க, பெண்கள் உட்கார்ந்து ஜல்லியாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் வேலை நின்றுவிட்டது. அவள் காட்டிய கட்டத்தை இரண்டு பேர் முதலில் உடைத்துக் கொடுத்தார்கள். சிமெண்டுக்கு அடியில் கருங்கல், கருங்கல்லுக்கு அடியில் சரளை, அதற்கும் அடியில் வெள்ளையாகச் சுக்கான் பாறை. கடப்பாரை ணங்கென்று எகிறியது. பொறி பறந்தது.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா தானே பள்ளத்தில் இறங்கிவிட்டாள். கையால் பறண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. அவளை மேலே இழுக்க நான் குனிந்தபோது அப்பா பேசினார்.

“மேல ஏறி வா. அங்க இல்ல.”

அம்மாவுக்கு அது புரியவில்லை. “எந்தப் பக்கம்னு சொல்லுங்க. தள்ளி வெட்டச் சொல்லலாம்.”

“எந்தப் பக்கமும் இல்ல. இது மேடா இருந்த எடம். அந்த மேட்ட வெட்டி எடுத்துட்டுத்தான் சிமெண்டு போட்டோம். மண்ணெல்லாம் வடக்க இருந்த குளத்தத் தூர்க்கறதுக்குப் போயிடுச்சு.”

பிறகு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அத்தனையையும் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். முன்னால் ஒரு வரிசை மண்வெட்டியால் வெட்டும். வெட்டியதை இன்னொருவர் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி விடுவார். சும்மாட்டுக்காரர்கள் மேட்டுக்கும் குளத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருப்பார்கள். சங்கிலி அறுபடக் கூடாது. ஒருத்தர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும், மேஸ்திரி கத்துவான். கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்துத் தென்புறத்தை வெட்ட ஆரம்பித்த அன்றைக்கு அப்பாவும் அந்தச் சும்மாட்டு வரிசையில் இருந்தார். வேறு பக்கம் அனுப்பச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். அனுப்பவில்லை. குளத்தங்கரையில் தன் தலையிலிருந்த கூடையைக் கவிழ்த்தபோது மண்ணோடு ஒரு துணி விழுந்தது. அம்மாவின் பழைய மஞ்சள் புடவைக் கிழிசல். பிள்ளையைச் சுற்றிக் கட்டித் தூக்கிப்போனது அப்பாவின் கைதான், அதனால் முடிச்சுக்கூட அடையாளம் தெரிந்தது. குனிவதற்குள் அடுத்தவர் கூடை அதன் மேல் விழுந்தது. அதற்கடுத்தவர் கூடையும் விழுந்தது.

“அப்புறம்?” என்றாள் அம்மா.

“திரும்பி வந்து அடுத்த கூடையத் தூக்கினேன்.”

எனக்கு வெறி வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அப்பாவை ஏக வசனத்தில் திட்டினேன். குதித்து எடுத்திருக்கலாமே, எங்கேயாவது ஒரு மூலையில் புதைத்திருக்கலாமே என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார்.

“எங்க கொண்டு போறது? சாமியாரே உள்ள வேணாம்னு சொன்ன புள்ள. சுவருக்கு வெளிய வையின்னாங்க, வச்சேன். அப்புறம் சுவரே இல்லாமப் போச்சு.”

அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் எங்களை இங்கே கூட்டிவந்தீர்கள் என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து அழுதுவிட்டுப் போனால்தான் அவள் மீதி நாளைத் தள்ளுகிறாள், அதையும் எதற்குப் பிடுங்குவது என்று இருந்துவிட்டதாகச் சொன்னார். பொய் வராத மனிதர் வருஷா வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

ஜல்லி உடைக்கிற பெண்களில் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா குடிக்கவில்லை. பள்ளத்தை விட்டு ஏறவும் இல்லை. உள்ளேயே உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பக்கத்தில் இருப்பதே மறந்துபோனது போல் இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவிடம் கேட்டாள்.

“அந்தக் கூடை கனமா இருந்துச்சா?”

“எல்லாக் கூடையும் மாதிரிதான் இருந்துச்சு. கீழ கொட்டுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது பொறாமை என்று எனக்குத் தெரிந்தது.

“நீங்க ரெண்டு தடவ அவனத் தூக்கியிருக்கீங்க,” என்றாள். “எங்கிட்ட ஒரு தடவகூட யாரும் குடுக்கல.”